இரண்டு சைக்கிள், ஒரு டென்ட்: அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல்வரை

தம்பதியாக ஐரோப்பாவைச் சைக்கிளில் கடக்க நினைப்பவர்கள் முதலில் உட்கார்ந்து எழுதுவது சாமான் பட்டியல். எழுதும்போதே தாளின் நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இருவருக்கும் சேர்த்து ஒன்று போதும் என்பவை ஒரு பக்கம், ஆளுக்கு ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பவை மறுபக்கம். வழியில் வரும் தொல்லைகளில் பாதி, இந்தப் பிரிவினையைச் சரியாகச் செய்யாததால் வருவது.

இங்கே பேசுவது யூரோவெலோ 6 என்ற பாதையைப் பற்றி. பிரான்சில் லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்தில் தொடங்கி, கால்வாய் ஓரமாகப் பாசெல் வந்து, ரைனை ஒட்டிப் போய், பிறகு டான்யூபைப் பிடித்துக் கருங்கடல்வரை போகிறது. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, குரோவேஷியா, செர்பியா, பல்கேரியா, ருமேனியா என்று பத்து நாடுகள். ஆற்றையும் கால்வாயையும் விட்டு விலகாததால் பெரிய ஏற்றங்கள் குறைவு. முதல் நெடும்பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாதை ஐரோப்பாவில் இல்லை என்பது எங்கள் கருத்து. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் மேற்கே தொடங்கிக் கிழக்கே போவதுதான் நல்லது.

நாள் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். சாமானோடு ஒரு நாளைக்கு 60 கி.மீ., வாரத்தில் ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 360 கி.மீ. பாதையோ 4,000 கி.மீ.க்கு மேல். அதாவது பதினொரு வாரம் தாண்டிவிடும். மழைக்கும் காய்ச்சலுக்கும் ஒதுக்க மிஞ்சுவது சில நாள்தான். கடைசி இரண்டு வாரம் விரட்டி ஓட்டுவதைவிட, நடுவில் சலிப்பான ஒரு பகுதியை ரயிலில் கடந்துவிடலாம். ருமேனியாவில் இருக்கும் நாட்கள் ஷெங்கன் கணக்கில் சேராது என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அது இப்போது செல்லாது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. செர்பியா மட்டும் வெளியே இருக்கிறது. ஒற்றை நுழைவு விசா எடுத்தவர் செர்பியாவுக்குள் போனால் திரும்பி ருமேனியாவுக்குள் வர முடியாது. ஆகவே பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஹங்கேரியிலிருந்து நேராக ருமேனியாவுக்குள் திரும்பிவிட வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்கப்போகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

சாமான் பட்டியலின் கோட்டுக்கு வருவோம். ஆளுக்கு ஒன்று: ட்யூப், கைப்பம்பு, டயர் கழற்றும் நெம்பி இரண்டு, அலன் கீ செட், முன்விளக்கு பின்விளக்கு, மழைக்கோட்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு வேளைச் சாப்பாடு, பாஸ்போர்ட், வங்கி அட்டை, பாதை முழுவதும் இறக்கிவைத்த வரைபடத்தோடு ஒரு போன். இருவருக்கும் சேர்த்து ஒன்று: டென்ட், அடுப்பு, பாத்திரம், செயின் வெட்டும் கருவி, ஸ்போக்ஸ் சாவி, மருந்துப் பெட்டி. பம்பு ஒன்று போதுமே, 150 கிராம் மிச்சமாகுமே என்று தோன்றும். முன்னால் போகிறவரிடம் பம்பும், நாலு கி.மீ. பின்னால் வருகிறவரிடம் பஞ்சரும் இருக்கும் நாளில் அந்த 150 கிராமின் அருமை தெரியும்.

டென்ட் துணியை ஒருவர், கம்பிகளை மற்றவர் என்று பிரித்துத் தூக்கச் சொல்வது வழக்கம். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. மழை வரும்போது முதலில் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தவர் கையில் பாதி டென்ட்டை வைத்துக்கொண்டு நனைந்து நிற்க வேண்டியிருக்கும். டென்ட் முழுவதும் ஒரு சைக்கிளில், அடுப்பும் உணவும் மற்றதில் என்று வையுங்கள். எடை கிட்டத்தட்டச் சமமாகவே வரும். முதலில் வந்தவர் டென்ட் வைத்திருந்தால் அடித்து முடிப்பார், அடுப்பு வைத்திருந்தால் உலை ஏற்றுவார்.

எடையைச் சரிபாதியாகப் பிரிப்பதும் நியாயம்போலத் தெரியும், ஆனால் பயணத்துக்கு உதவாது. இருவர் வேகமும் ஒன்றாவதற்காகத்தான் எடையைப் பிரிக்க வேண்டும். ஒரு ஏற்றத்தில் ஒருவர் பேசிக்கொண்டே மிதிக்க, மற்றவருக்கு மூச்சிரைத்தால், இரண்டு மூன்று கிலோவை மாற்றுங்கள். மறுநாள் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னும் ஒரு கிலோ. முதல் வாரத்துக்குள் இது ஒரு நிலைக்கு வந்துவிடும். சமதரையில் எடையைவிடக் காற்றுதான் பெரிது. எதிர்க்காற்றில் பலசாலி முன்னால் போக, மற்றவர் ஒரு மீட்டர் பின்னால் சற்றே விலகி வந்தால் பின்னவரின் உழைப்பு நன்றாகக் குறையும். சரளைப் பாதையில் மட்டும் இப்படி ஒட்டி வரக்கூடாது. சாமான் ஏற்றிய சைக்கிள் சட்டென்று நிற்காது.

பிரிந்துபோனால் என்ன செய்வது என்பதையும் கிளம்பும் முன்னே பேசி வையுங்கள். கடைசியாக இருவரும் சேர்ந்து நின்ற இடத்துக்கு இருவரும் திரும்ப வேண்டும், அங்கே அரை மணி காத்திருக்க வேண்டும். போனில் சிக்னல் இல்லாத டான்யூப் வளைவுகளில் வேறு வழி இல்லை.

சைக்கிளில் அதிகம் அடிவாங்குவது பின்சக்கரம். சவாரி செய்பவரின் எடையிலும் சாமானின் எடையிலும் பெரும்பங்கு அதன்மேல்தான். அதிலும் வலதுபக்க ஸ்போக்ஸ் கம்பிகள். கேசட்டுக்கு, அதாவது பின்சக்கரத்தின் கியர் பல்சக்கர அடுக்குக்கு, இடம் விடுவதற்காக அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றன, இழுவிசையும் கூடுதல். சக்கரம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் தரையைத் தொடும் பக்கத்துக் கம்பி கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகுகிறது. கம்பி தொடக்கத்திலேயே தளர்வாக இருந்தால் இந்த ஆட்டம் அதிகமாகி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் வளைந்து நுழையும் கழுத்தில் முறியும். அதனால் 36 ஸ்போக்ஸ் உள்ள சக்கரமாக வாங்குங்கள். கிளம்பும் முன் சாமானோடு 300 கி.மீ. ஓட்டிவிட்டு, சக்கரம் கட்டத் தெரிந்த ஒருவரிடம் இழுவையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

முறிந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும், உடனே சக்கரம் ஆடத் தொடங்கும். நின்று, முறிந்த துண்டைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள். ரிம் பிரேக் என்றால் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி, மெதுவாக நிழலான இடம்வரை போகலாம். வலதுபக்கக் கம்பி என்றால் கேசட்டைக் கழற்றாமல் புதுக் கம்பி நுழையாது. இதற்காகவே உள்ளங்கையளவில் ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். கேசட்டின் பூட்டு வளையத்தில் அதைப் பொருத்தி, சக்கரத்தை ஃபிரேமிலேயே மாட்டி பெடலை அழுத்தினால் வளையம் திறந்துகொள்ளும். நீளமான பானா தேவையில்லை. கேசட்டைக் கழற்றியபின், அதே பக்கத்தில் அதே திசையில் சாயும் அடுத்த கம்பி எப்படிப் போகிறது என்று பாருங்கள். புதுக் கம்பியும் அப்படியே போக வேண்டும், ஹப் விளிம்பின் வெளிப்புறமாக வரும் கம்பி என்றால் வழக்கமாக முதல் இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கு வெளியே, மூன்றாவதற்கு உள்ளே. ரிம்மில் உள்ள பழைய நிப்பிள் (கம்பியின் முனையைப் பிடிக்கும் சின்ன மரைமூடி) கெடாமல் இருந்தால் அதிலேயே மாட்டிவிடலாம், டயரைக் கழற்ற வேண்டியதில்லை. பிறகு கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். அதே பக்கத்துக் கம்பியை நகத்தால் சுண்டிப் பார்த்து, இரண்டும் ஒரே சுருதியில் ஒலிக்கும்வரை இறுக்கினால் போதும். மீதிக் கோட்டத்தைப் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து எடுத்துவிடலாம்.

வலது, இடது, முன்சக்கரம் மூன்றுக்கும் கம்பி நீளம் வேறுவேறு. ஒவ்வொன்றிலும் மூன்று கம்பி, நீளத்தை எழுதி ஒட்டி, சீட் குழாய்க்குள் போட்டுவையுங்கள். ஒரு கம்பி முறிந்தால் பரவாயில்லை. ஒரே பக்கத்தில் ஒரு வாரத்தில் மூன்று முறிந்தால் மற்றவையும் களைத்துவிட்டன என்று பொருள். அடுத்த பெரிய ஊரில் நின்று அந்தப் பக்கம் முழுவதையும் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

கம்பியைவிட முக்கியமான உதிரி இன்னொன்று உண்டு: செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர். விமானத்திலோ ரயிலிலோ அடிபட்டு வளைவது அதுதான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதன் வடிவம் வேறு, எந்த ஊர்க் கடையிலும் உடனே கிடைக்காது. இரண்டு சைக்கிளும் வேறு மாடல் என்றால் இரண்டு ஹேங்கர் வேண்டும். முடிந்தால் இருவரும் ஒரே டயர் அளவு, ஒரே பிரேக், ஒரே செயின் உள்ள சைக்கிளாக வாங்குங்கள். உதிரிச் சுமை பாதியாகும்.

செயினை ஸ்கேலால் அளந்தே சோதிக்கலாம். பன்னிரண்டு முழுக் கண்ணி புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 306 மி.மீ. தாண்டும்போது மாற்றிவிட்டால் கேசட் பிழைக்கும். 308 ஆகும்வரை விட்டால் கேசட்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும், புதுச் செயின் பழைய பல்லில் நழுவும். கேரியர் போல்ட்டுகள் பெரும்பாலும் எம்5. வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள், நாலு உபரி போல்ட் கையில் இருக்கட்டும்.

பஞ்சரைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரு செடியோடு தொடங்கலாம். மேற்கு ஐரோப்பாவில் நல்ல தடித்த டயர் போட்டால் வாரக்கணக்கில் பஞ்சரே இருக்காது. ஹங்கேரியில் வெள்ளத்தடுப்புக் கரைகள்மேல் பாதை ஏறியதும் நிலைமை மாறும். தரையோடு படர்ந்து, சின்ன மஞ்சள் பூவோடு கிடப்பது நம் ஊர் நெருஞ்சியேதான், அதே இனம். அங்கே அதன் பெயர் கிராய்தின்னே. ஆகஸ்டு, செப்டம்பரில் காய் முற்றி முள் இறுகிவிடும். செர்பியா, ருமேனியா, பல்கேரியாவிலும் உண்டு. டென்ட் அடிக்கவோ சாப்பிடவோ சைக்கிளைப் புல்லுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் அதிகம் குத்தும். தள்ளாமல் தூக்கி வையுங்கள். குத்திவிட்டால், ட்யூபைக் கழற்ற நேரம் இருக்கும் இடத்துக்குப் போகும்வரை முள்ளைப் பிடுங்காதீர்கள். முள்ளே அடைப்பாக இருந்து காற்றை மெதுவாகத்தான் விடும். ஒட்டி முடித்தபின் டயரின் உட்புறத்தை விரலால் முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். ஒரு முள் குத்திய டயரில் இன்னும் மூன்று இருக்கும். சொல்யூஷன் தடவி ஐந்து நிமிடம் காயவிட்ட பிறகே பேட்ச் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டியது மறுநாள் வெயிலில் உரிந்துவிடும். 40 மி.மீ. டயரில் பின்சக்கரத்துக்கு 4 பார் அளவு காற்று வையுங்கள். குறைந்தால் கல்லில் ஏறும்போது ரிம் ட்யூபை நசுக்கி இரண்டு ஓட்டை பக்கம்பக்கமாக விழும்.

டென்ட் இரண்டு பேருக்கு என்று எழுதியிருந்தால் அதில் இரண்டு பேர் படுக்கலாம், அவ்வளவுதான். எட்டுப் பையும் இரண்டு பேரும் மழை நாளில் உள்ளே இருக்க வேண்டுமானால் மூன்று பேர் டென்ட், இரண்டு பக்கமும் கதவு உள்ளதாக எடுங்கள். அரைக்கிலோ கூடும். பத்து வாரம் ஒருவரை ஒருவர் தாண்டி இரவில் வெளியே போவதைவிட அது இலகு.

ஆற்றங்கரை முகாம்களில் நனைப்பது மழையைவிட நீராவிதான். இரவெல்லாம் இருவர் விடும் மூச்சும், ஆற்றின் ஈரக்காற்றும் சேர்ந்து வெளித்துணியின் உட்புறத்தில் முத்துமுத்தாகப் படியும். குளிர்கிறது என்று காற்றுத் துளைகளை மூடினால் இன்னும் மோசம். துளைகளைத் திறந்தே வையுங்கள், தண்ணீர் ஓரத்திலிருந்து கொஞ்சம் மேடேறி அடியுங்கள். காலையில் உட்துணியைத் தனியாகக் கழற்றிக் காய்ந்தபடியே ஒரு பையிலும், வெளித்துணியைத் துடைத்து இன்னொரு பையிலும் வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும்போது வெளித்துணியை வேலிமேல் விரித்தால் இருபது நிமிடத்தில் காயும். டான்யூப் கரையில் நெட்டையாக நிற்கும் பாப்லர் மரங்களுக்கு நேர்கீழே அடிக்கக்கூடாது, காற்றில் கிளை முறித்துப் போடும். மே மாதம் 11 முதல் 15 வரை மத்திய ஐரோப்பாவில் 'பனிப் புனிதர்கள்' என்று சொல்வார்கள், வசந்தத்தின் நடுவே குளிர் திரும்பிவந்து எட்டிப்பார்க்கும் நாட்கள். 5 டிகிரிக்கு ஏற்ற ஸ்லீப்பிங் பேக் இல்லாமல் மே மாதம் ஜெர்மனிக்குள் நுழையாதீர்கள்.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கண்ட இடத்தில் டென்ட் அடிப்பது பொதுவாகத் தடை. சுவீடன், நார்வேயில் திறந்தவெளியில் டென்ட் அடிக்க உள்ள உரிமையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். முகாம்களுக்குக் குறைவும் இல்லை. பிரான்சில் ஊராட்சிகளே நடத்தும் முகாம்கள் மலிவு, சுத்தம். 'அக்கேய் வெலோ' பலகை இருந்தால் சைக்கிள்காரர்களுக்கான வசதிகள் இருக்கும். ஜெர்மனியில் படகுச் சங்கங்களின் புல்வெளியில் கேட்டால் இடம் தருவது உண்டு. செர்பியாவில் வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைப் பதிவு செய்ய வேண்டும். விடுதியும் முகாமும் தாமே செய்துவிடும், அந்தச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்ணி ஒரு முக்கியமான விஷயம். தென்ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரியில் உண்ணி கடித்து மூளைக்காய்ச்சல் வரலாம். தடுப்பூசி உண்டு, முதல் இரண்டு ஊசிக்கு நடுவே வாரக்கணக்கில் இடைவெளி வேண்டும் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே மருத்துவரிடம் பேசுங்கள். தினமும் குளித்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதின் பின்புறம் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். முனை கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெயோ நெருப்போ வைக்கக்கூடாது. லைம் நோயும் உண்ணியால்தான் வரும், அதற்கு இந்தத் தடுப்பூசி உதவாது. கடித்த இடத்தைச் சுற்றிச் சில நாளிலோ வாரத்திலோ சிவப்பு வட்டம் விரிந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அடுப்பில் கவனிக்க வேண்டியது வாயு உருளையின் வாய். பிரெஞ்சு சூப்பர் மார்க்கெட்டுகளில் அதிகம் கிடைப்பது அழுத்திப் பூட்டும் வகை. திருகு வகை வேண்டுமானால் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் சின்ன அடாப்டர் ஒன்று வாங்கிவிட்டால் கவலை இல்லை. 230 கிராம் உருளை, இருவருக்கு இரவுச் சமையலும் இருவேளைக் காப்பியும் என்றால் ஐந்தாறு நாள் வரும்.

சோறில்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு: 150 கிராம் அரிசி, 80 கிராம் மைசூர் பருப்பு, முக்கால் லிட்டர் தண்ணீர், மஞ்சள், உப்பு. முகாமுக்கு வந்ததும் ஊறப்போட்டுவிட்டு டென்ட் அடியுங்கள். பிறகு பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, மூடிய பாத்திரத்தைக் கம்பளிச் சட்டையில் சுற்றிக் கால் மணி வையுங்கள். தானே வெந்து குழைந்துவிடும், வாயு பாதி மிச்சம். மைசூர் பருப்பு ஜெர்மனி, ஆஸ்திரிய நகரங்களின் துருக்கிக் கடைகளில் கிடைக்கும். ரசப்பொடியும் ஊறுகாயும் பாசெலில் உள்ள ஈழத்தமிழர் கடைகளில் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை மாலைக்குள் இரண்டு நாளைக்கு வாங்கிவிட வேண்டும். பிரான்சில் தண்ணீர் தேடினால் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், பெரும்பாலும் குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாது.

பாசவிலிருந்து வியன்னாவரை சுமார் 320 கி.மீ. பாதை மிகவும் சீரானது. கூட்டமும் அங்கேதான், ஜூலையில் முகாமுக்கு மாலை நாலு மணிக்குள் போய்விடுவது நல்லது. ஷ்லோகன் வளைவில் இடதுகரைக்காரர்கள் படகில்தான் கடக்க வேண்டும், படகு மாலையில் நின்றுவிடும். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ்வரை வாஹாவ் பள்ளத்தாக்கை ஒரே நாளில் ஓட்டித் தள்ளாதீர்கள். செர்பியாவில் கோலுபாட்ஸ் கோட்டையைத் தாண்டியதும் இரும்புக் கதவு மலையிடுக்கு. சாலை வரிசையாகச் சுரங்கங்களுக்குள் புகுந்து புறப்படும். உள்ளே இருட்டு, லாரியும் வரும். நுழையும் முன் பின்விளக்கு இரண்டையும் போட்டு, ஒளிரும் மேல்சட்டை அணிந்து, இருவரும் சேர்ந்தே நுழையுங்கள். இலையுதிர் காலத்தில் இந்தப் பகுதியில் கோஷவா என்ற தென்கிழக்குக் காற்று நேர் எதிரே அடிக்கும், ஆகவே செப்டம்பர் நடுவுக்குள் கடந்துவிடுவது நல்லது. நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள். ஒருவர் ஓட்டிப் போய்விட்டால் துரத்தல் அதிகமாகும். இருவரும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும்.

பாதை கான்ஸ்டான்சாவில் முடிகிறது. சைக்கிள் அட்டைப்பெட்டிக்கு அங்கேயுள்ள சைக்கிள் கடைகளில் நாலு நாள் முன்னாலேயே சொல்லி வையுங்கள். பெட்டியில் போடும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்காதீர்கள். பானாவை மேலே நிறுத்திப் பின்புறத்தை நோக்கி, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் அது கழலும், வலுக்கட்டாயமாக எதிர்த்திசையில் திருப்பினால் இன்னும் இறுகும். பின் கியர் மாற்றியை ஹேங்கரிலிருந்து கழற்றிச் செயினோடு துணியில் சுற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் கட்டைகளுக்கு நடுவே அட்டைத்துண்டு செருகி வையுங்கள்.

விசாவில் இன்னும் நாள் மிச்சம் இருந்தால் துல்சியாவுக்குப் போய்ப் படகேறுங்கள். டான்யூபின் கிலோமீட்டர் கணக்கு கடலிலிருந்து மேல்நோக்கிப் போவது. வியன்னா அருகே 1,900களில் பார்த்த எண், கரையோரப் பலகைகளில் நாளுக்கு நாள் இறங்கி வந்திருக்கும். அதன் பூஜ்யம் சுலினாவில் இருக்கிறது, அந்த ஊருக்குச் சாலை கிடையாது.